வாரன்டி பார்ட்டுக்குத்தான், உங்க நாளுக்கு இல்லை: வண்டி சர்வீஸ்ல நிக்கும்போது மாற்று வண்டி கேட்பது எப்படி?

(எபிசோடின் பேச்சு, படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது. "புது வண்டி, வாரன்டி இருக்கு, ஆனா ரிப்பேருக்கு விட்டு ரெண்டு வாரம் ஆச்சு. ஷோரூம்காரங்க மாற்று வண்டி தரணுமா, வேண்டாமா?" இதுக்கு என்கிட்ட பதில் இருக்கு. ஏன்னா இந்த வருஷம் நானே இதுல மாட்டினேன்.

எங்க வீடு பட்டாபிராம். அப்பாவுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஆஸ்பத்திரி முகப்பேர் பக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரை கூட்டிட்டு சி.டி.எச் ரோட்டுல திரும்பி வரும்போது, திருமுல்லைவாயில் தாண்டினதும் வண்டி கியர் மாறவே இல்லை. டேஷ்போர்டுல மஞ்சள் விளக்கு. ஓரமா நிறுத்தினேன். அதோட சரி. ரெண்டு வயசு வண்டி, மூணு வருஷ வாரன்டி.

டோ பண்ணி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனாங்க. அதுக்குக் காசு வாங்கலை. சர்வீஸ் அட்வைசர் ரொம்ப நல்லா பேசினார். "கியர்பாக்ஸ் கன்ட்ரோல் யூனிட் சார், வாரன்டில முழுசா கவர் ஆகும், ஒரு பைசா கட்ட வேண்டாம்" அப்படின்னார். நானும் சந்தோஷமா கையெழுத்து போட்டு வந்துட்டேன்.

அந்த வண்டி திரும்பி வந்தது 23-ஆவது நாள்.

நடுவுல என்ன ஆச்சுன்னா, டயாலிசிஸ் முடிஞ்சு வர்றவங்களுக்குத் தலை சுத்தும், உடம்புல தெம்பே இருக்காது. அப்படிப்பட்ட மனுஷன் ஆஸ்பத்திரி வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்திருக்கார். நான் போன்ல கேப் புக் பண்றேன், கேன்சல். மறுபடி புக் பண்றேன், "பட்டாபிராமா? ரிட்டர்ன் சவாரி கிடைக்காது சார்", கேன்சல். ஒரு நாள் நாப்பது நிமிஷம் ஆச்சு. அப்பா ஒண்ணும் சொல்லலை. "நாளைக்கு டிரெயின்ல போயிடலாமாடா"ன்னு மட்டும் கேட்டார். அவரால பட்டாபிராம் ஸ்டேஷன் படி ஏற முடியாதுன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பில்லு பூஜ்யம். ஆனா எனக்கு ஆன செலவு பூஜ்யம் இல்லை. இன்னைக்கு நான் பேசப் போறது இதைப் பத்திதான்.

வாரன்டி எதுக்குப் பணம் கொடுக்குது?

உங்க வண்டியோட வாரன்டி புக்லெட்டை ஒரு தடவை திறந்து பாருங்க. குறைபாடு உள்ள பாகத்தைச் சரி செய்வோம், இல்லைன்னா மாத்தித் தருவோம், கூலி கிடையாது. வாக்குறுதி இவ்வளவுதான். அதே பக்கத்துலயோ அடுத்த பக்கத்துலயோ பொடி எழுத்துல இன்னொண்ணும் இருக்கும்: வண்டியைப் பயன்படுத்த முடியாததால வர்ற நஷ்டம், நேர விரயம், அசௌகரியம், இதுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்லை. நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான வண்டிகளுக்கு இந்த மாதிரி ஒரு வரி உண்டு.

அதனால முதல் உண்மையை ஒத்துக்கணும். சாதாரண கார் வாங்கினவங்களுக்கு மாற்று வண்டி இந்தியாவுல சட்டப்படி தானா வர்ற உரிமை இல்லை. விலை உயர்ந்த பிராண்டுகள் சிலது கொடுக்கும். மத்த இடத்துல டீலர் மனசு வச்சாதான்.

அவங்க ஏன் தயங்குறாங்கன்னும் புரிஞ்சுக்கணும். வாரன்டி வேலையில மூணு பேர் இருக்காங்க: நீங்க, டீலர், கம்பெனி. டீலர் முதல்ல பழுதைக் கண்டுபிடிச்சு, போட்டோவும் ரிப்போர்ட்டும் அனுப்பி, பெரிய பார்ட்டா இருந்தா கம்பெனி ஒப்புதல் வாங்கணும். அப்புறம் பார்ட் ஆர்டர். வேலை முடிஞ்சதும் பார்ட் விலையையும் கூலியையும் கம்பெனிகிட்ட க்ளெய்ம் பண்ணுவார். உங்களுக்குக் கொடுக்குற மாற்று வண்டிக்கு அந்த க்ளெய்ம்ல பொதுவா இடம் கிடையாது. அது அவர் கைக்காசு. அதனாலதான் கேட்காதவங்களுக்கு யாரும் தானா கொடுக்கிறதில்லை.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. நம்ம ஏரியாவே கார் பாகம் செய்யற ஏரியா. பாடியில லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா. அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க பட்டறை. பூந்தமல்லி தாண்டி பெங்களூரு ஹைவேல கொஞ்ச தூரம் போனா இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் ஃபேக்டரி. இவ்வளவுக்கும் நடுவுல உட்கார்ந்துகிட்டு நான் "பார்ட் வரலை சார்"ன்னு 23 நாள் கேட்டேன். பார்ட் எங்க செய்யறாங்கங்கிறது விஷயமே இல்லை. எந்த குடோன்ல இருக்கு, யார் ஒப்புதல் கொடுக்கணும், இதுதான் விஷயம்.

நான் பண்ணின தப்பு

முதல் நாள் நான் மாற்று வண்டியே கேட்கலை. ரெண்டு மூணு நாள்ல வந்துடும்னு நினைச்சேன். ஒன்பதாவது நாள்தான் போன்ல கேட்டேன். "வாரன்டில அதெல்லாம் கிடையாது சார்". சரின்னு வச்சுட்டேன். பதினாலாவது நாள் நேர்ல போய் சர்வீஸ் மேனேஜரைப் பார்த்தப்பதான் தெரிஞ்சது, அவங்ககிட்ட ஸ்டாண்ட்பை வண்டி ரெண்டு இருக்கு. "முதல் நாளே சொல்லியிருந்தா பார்த்திருக்கலாம், இப்ப ரெண்டும் வெளில இருக்கு"ன்னார்.

அன்னைக்கு ராத்திரி ஒரு மெயில் அனுப்பினேன். கோபமா எதுவும் எழுதலை. ஜாப் கார்டு நம்பர், வண்டி விட்ட தேதி, இன்னையோட எத்தனை நாள், அப்பாவோட டயாலிசிஸ் நாட்கள், இதுவரைக்கும் கேப்புக்கு ஆன செலவு. கடைசியா ரெண்டு கேள்வி: பார்ட் எந்தத் தேதி வரும்? அதுவரைக்கும் மாற்று வண்டி தர முடியுமா? கம்பெனி கஸ்டமர் கேருக்கும் ஒரு காப்பி போட்டேன்.

பதினேழாவது நாள் சாயங்காலம் ஒரு பழைய டெமோ வண்டி கிடைச்சது. அதுக்குள்ள ஏழு டயாலிசிஸ், பதினாலு ட்ரிப், 6,180 ரூபாய் போயிடுச்சு. ஒன்பதாவது நாள் நான் போன்ல கேட்டு வராதது, ஒரு மெயில்ல மூணு நாள்ல வந்தது. வாயால கேட்டதுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. எழுத்துல கேட்டா ஒருத்தர் பதில் எழுதியே ஆகணும்.

வண்டியை விடும்போதே செய்ய வேண்டியது

ஒண்ணு. வண்டி ஓடுற நிலைமையில இருக்கு, பிரேக், ஸ்டியரிங் மாதிரி பாதுகாப்பு விஷயம் இல்லைன்னா, முதல் கேள்வி இதுதான்: "பார்ட் ஸ்டாக்ல இருக்கா?" இல்லைன்னா ஆர்டர் போடச் சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. பார்ட் வந்ததும் விடலாம். பாதி பேருக்கு மாற்று வண்டியே தேவைப்படாது. ஆனா பழுதைப் பதிவு பண்ணி, பார்ட் ஆர்டர் நம்பரை எழுத்துல வாங்கிட்டு வாங்க. வாரன்டி முடியப்போற வண்டின்னா இது ரொம்ப முக்கியம்.

ரெண்டு. ஜாப் கார்டு போடாம வண்டியை விடாதீங்க. "செக் பண்ணிட்டு அப்புறம் ஓப்பன் பண்றோம்"னு சொல்வாங்க. வேண்டாம். தேதி, நேரம், கிலோமீட்டர், உங்க வார்த்தையில புகார், எல்லாம் அதுல இருக்கணும். உங்க நாள் கணக்கு அங்கதான் ஆரம்பிக்குது.

மூணு. மாற்று வண்டியை அப்பவே கேளுங்க, காரணத்தோட கேளுங்க. "வீட்ல பேஷன்ட் இருக்காங்க", "நைட் ஷிஃப்ட், அந்த நேரம் பஸ் கிடையாது". இருக்குற ரெண்டு வண்டியை யாருக்குக் கொடுக்கலாம்னு மேனேஜர் முடிவு பண்ணும்போது காரணம் தெரிஞ்சவங்க பேர்தான் ஞாபகம் வரும்.

நாலு. வண்டி இல்லைன்னா வேற என்ன தருவீங்கன்னு கேளுங்க. கேப் செலவுல ஒரு பங்கு, எக்ஸ்டெண்டட் வாரன்டி, அடுத்த சர்வீஸ்ல கூலி தள்ளுபடி. எனக்குக் கடைசியில கிடைச்சது அந்தக் கூலி தள்ளுபடிதான். ரோட்சைடு அசிஸ்டன்ஸ் திட்டத்தையும் பாருங்க. வண்டி நடு ரோட்டுல நின்னா வீடு போக டாக்ஸி தர்ற திட்டங்கள் இருக்கு. நான் அதைப் படிக்கவே இல்லை.

இன்ஷூரன்ஸ்ல "டெய்லி அலவன்ஸ்"னு ஒரு ஆட்-ஆன் இருக்கும். அது இருக்குன்னு நம்பி உட்காராதீங்க. விபத்து க்ளெய்ம்ல வண்டி கராஜ்ல நிக்கும்போதுதான் அது வேலை செய்யும். வாரன்டி பழுதுக்கு வராது.

கொடுத்த வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி

சாவி கையில வந்ததும் சந்தோஷத்துல கிளம்பிடாதீங்க. நம்பர் பிளேட்டைப் பாருங்க. சிவப்பு பிளேட்ல வெள்ளை எழுத்து இருந்தா அது டீலரோட டிரேட் நம்பர். டெஸ்ட் டிரைவ், டெலிவரி மாதிரி அவங்க வேலைக்கு மட்டும்தான். அதுல நீங்க ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் சுத்தக்கூடாது. வெள்ளை பிளேட்ல கறுப்பு எழுத்து இருக்குற டெமோ வண்டியை இலவசமா தர்றாங்கன்னா பரவாயில்லை. அதே வெள்ளை பிளேட் வண்டிக்கு நாள் வாடகை கேட்டா வாங்காதீங்க. வாடகைக்கு ஓட்டுற செல்ஃப் டிரைவ் வண்டிக்குக் கறுப்பு பிளேட்ல மஞ்சள் எழுத்து இருக்கணும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிச்சுடும்.

ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று மூணுக்கும் தேதி பாருங்க. நாலு பக்கமும் வீடியோ, பெட்ரோல் அளவு, கிலோமீட்டர் போட்டோ. இடிச்சுட்டா யார் எவ்வளவு கட்டணும், ஃபாஸ்டேக் காசு யாரோடது, சலான் வந்தா யார் பொறுப்பு, இதை ஒரு தாள்லயோ வாட்ஸ்அப்லயோ எழுதி வாங்கிடுங்க.

அப்பவும் நடக்கலைன்னா

நேரா கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. சர்வீஸ் மேனேஜர், கம்பெனி கஸ்டமர் கேர்ல ஒரு புகார் எண், அதுக்கப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்லயே பேசலாம். அவங்க கம்பெனிக்குப் புகாரை அனுப்பி பதில் வாங்கப் பார்ப்பாங்க.

அதுவும் இல்லைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நமக்கு உதவுற ஒரு விஷயம்: நீங்க குடியிருக்கிற இடத்துலயோ வேலை செய்யற இடத்துலயோ புகார் போடலாம். ஷோரூம் எங்க இருந்தாலும் பரவாயில்லை. ஆவடி, பூந்தமல்லிக்காரங்களுக்குத் திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் 2018-ல இருந்து சென்னை மாவட்டம். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரைன்னா கட்டணம் இல்லை, 5-ல இருந்து 10 லட்சம்னா 200 ரூபாய். வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

ஆனா என்ன எதிர்பார்க்கலாம்னு தெரிஞ்சுட்டுப் போங்க. 2006-ல மாருதி சம்பந்தமா உச்ச நீதிமன்றத்துல ஒரு வழக்கு. கிளட்ச் கோளாறு. கீழ இருந்த ஆணையங்கள் வண்டியையே மாத்திக் கொடுக்கச் சொல்லியிருந்தாங்க. உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கலை: வாரன்டி சொல்றது பழுதான பாகத்தை மாத்தறதுதான், முழு வண்டியை இல்லை. ஆனா அதோட நிறுத்தலை. பழுதுக்காக அலைஞ்ச போக்குவரத்துச் செலவை எல்லாம் கணக்குல எடுத்து 50,000 ரூபாயும் 6 சதவீத வட்டியும் கொடுக்கச் சொன்னாங்க.

எனக்கு இந்தத் தீர்ப்புல முக்கியமாப் படுறது இந்த ரெண்டாவது பாதி. வாரன்டி புக்லெட்ல உங்க அலைச்சலுக்கு விலை இல்லை. நீதிமன்றத்துல இருக்கு. ஆனா நீங்க கணக்கு காட்டணும். பொடி எழுத்தைக் காட்டி வண்டியை எத்தனை நாள் வேணாலும் நிறுத்தி வைக்க முடியாது. காரணமில்லாத தாமதம் சேவைக் குறைபாடுன்னு வாதாடலாம். அதுக்கு ஜாப் கார்டு, மெயில், கேப் ரசீது வேணும்.

சிங்கப்பூர்ல 2012-ல இருந்து இதுக்குன்னே ஒரு சட்டம் இருக்கு. நியாயமான காலத்துக்குள்ள, வாங்கினவருக்குப் பெரிய சிரமம் இல்லாம பழுது பார்க்கணும்னு அதுல இருக்கு. நம்மகிட்ட கார்களுக்குன்னு அப்படி ஒரு தனிச் சட்டம் இன்னும் இல்லை. அதுவரைக்கும் அந்தச் சிரமத்தை எழுதி வைக்கிற வேலை நம்மளோடது.

நான் கேஸ் போடலை. 6,180 ரூபாய்க்கு அலையற தெம்பு அப்ப இல்லை. அது என் முடிவு, சரியான முடிவுன்னு சொல்ல மாட்டேன். எனக்கு அந்தப் பணம்கூட பெரிசில்லை. முதல் நாள் கவுன்டர்ல நின்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா, அப்பா அந்த பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நீங்க கேட்டுடுங்க. உங்களுக்கு மாற்று வண்டி கிடைச்ச கதை, கிடைக்காத கதை எதுவா இருந்தாலும் வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பழைய கார் வாங்கும்போது ஆர்.சி.ல என்னென்ன பார்க்கணும்னு பேசலாம். பத்திரமா ஓட்டுங்க மக்களே.