பள்ளிக்கூடம் இல்லாத ஆசிரியர் கல்லூரி



மருத்துவமனை இல்லாமல் ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்க இந்த நாட்டில் யாருக்காவது அனுமதி கிடைக்குமா? கிடைக்காது. படுக்கை எத்தனை, நாளொன்றுக்கு வெளிநோயாளிகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் அனுமதி. பாடமெல்லாம் படித்து முடித்த பின்னும் ஓராண்டு பயிற்சி மருத்துவராக வார்டில் வேலை பார்த்தாக வேண்டும். ஆனால், பள்ளிக்கூடம் இல்லாமல் ஒரு கல்வியியல் கல்லூரி தொடங்கலாம். கட்டடம் வேண்டும், நூலகம் வேண்டும், 100 மாணவர்களுக்கு 16 பேராசிரியர்கள் வேண்டும் என்று விதி இருக்கிறது. சொந்தமாக ஒரு பள்ளி இருந்தே தீர வேண்டும் என்ற விதி இல்லை. சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஒப்புதல் கடிதம் போதும். குழந்தையின் குரலே கேட்காத வளாகத்தில் குழந்தைக்குக் கற்பிப்பது எப்படி என்று பாடம் நடக்கிறது. இதை எதிர்க்கத்தான் இந்த ஆசிரியர் மாநாட்டில் வந்து நிற்கிறேன்.

நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1964இல் அமைக்கப்பட்ட கோத்தாரி ஆணையமே, ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் பள்ளிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் துண்டுபட்டுக் கிடப்பதைச் சுட்டிக்காட்டியது. அதன் பிறகு, உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையம் 2012இல் அறிக்கை கொடுத்தது. இந்தத் துறையில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறுவனங்கள் தனியார் கையில் இருப்பதை எடுத்துச் சொல்லி, ஒவ்வொரு பயிற்சி நிறுவனத்தோடும் ஒரு பள்ளியை இணைக்க வேண்டும், அது மாணவ ஆசிரியர்களுக்கு ஆய்வுக்கூடமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிறகு என்ன நடந்தது? 2015 முதல் பி.எட். படிப்பு ஓராண்டிலிருந்து ஈராண்டானது. படிப்பு நீண்டது, கட்டணமும் கூடவே நீண்டது. பள்ளி மட்டும் வந்து சேரவில்லை.

நம்மிடம் முன்மாதிரி இல்லையா? இருக்கிறது. 1856இல் தொடங்கிய சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி இருக்கிறது. யாருடைய பிறந்தநாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமோ, அந்த ராதாகிருஷ்ணன் ஆசிரியப் பயிற்சி பெற்றது அங்கேதான். அதே வளாகத்தில் மாதிரிப் பள்ளி ஒன்றும் இயங்குகிறது. பிரிட்டிஷ்காரன் காலத்துக் கல்லூரிக்கு அருகில் பள்ளி இருக்க முடிகிறது. நேற்று முளைத்த கல்லூரிக்கு அது முடியாதா?

இன்றைய விதிப்படி ஈராண்டில் 20 வாரம் பள்ளியில் பயிற்சி. முதலாண்டில் 4 வாரம், இரண்டாம் ஆண்டில் 16 வாரம். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. பள்ளியில் அது எப்படி நடக்கிறது என்பது இங்கே இருக்கும் தலைமையாசிரியர்களுக்குத் தெரியும். விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தது என்று பள்ளி நினைக்கிறது. மாணவர்களை அனுப்பியாயிற்று, நம் கடமை முடிந்தது என்று கல்லூரி நினைக்கிறது. நடுவில் நிற்கும் பயிற்சி மாணவி, கடைசி வரிசையில் அமர்ந்து தன் வகுப்பைக் கவனித்து, 'அம்மா, இந்த இடத்தில் நீ கேள்வியை மாற்றிக் கேட்டிருக்க வேண்டும்' என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் அந்த வாரங்களைக் கடத்திவிடுகிறாள். வகுப்பில் கற்றதைவிட, ரெக்கார்டு எழுதியதும் சார்ட் ஒட்டியதும்தான் அவள் நினைவில் நிற்கின்றன. செய்முறைத் தேர்வுக்கு வருகிற குழு அந்த ரெக்கார்டைத்தான் புரட்டுகிறது. அதைக் காசுக்கு எழுதிக் கொடுக்க ஆள் இருப்பது ஊருக்கே தெரியும். வகுப்புக்கே வராமல் பட்டம் பெறலாம் என்று சேர்க்கை நேரத்தில் காதோடு பேரம் பேசும் கல்லூரிகள் இருப்பதும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் சும்மா இருக்கிறோம்.

வகுப்பில் நின்று கற்பது ஏன் முக்கியம்? ஆறாம் வகுப்பில் ஒரு பையனிடம் கேளுங்கள்: மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, இவை இரண்டில் எது பெரியது? நான்கில் ஒன்றுதான் என்று அடித்துச் சொல்வான். மூன்றைவிட நான்கு பெரிதில்லையா? அவன் சோம்பேறியும் இல்லை, மக்கும் இல்லை. இரண்டாம் வகுப்பில் கற்றுக்கொண்ட எண் அறிவைக்கொண்டு நேர்மையாக யோசிக்கிறான். அந்தத் தவறான விடைக்குள் அவன் மனம் வேலை செய்யும் விதம் அப்படியே தெரிகிறது. தேர்ந்த ஆசிரியர் அந்த இடத்தில் நிற்பார். ஒரு தாளை மூன்றாக மடிக்கச் சொல்வார், அதே அளவுள்ள இன்னொன்றை நான்காக மடிக்கச் சொல்வார், பிறகு பேசாமல் காத்திருப்பார். பயிற்சி இல்லாதவர் 'தப்பு, உட்கார்' என்பார். எழுதி வைத்த பாடக்குறிப்பின் அடுத்த வரிக்குப் போவார். அந்தக் காத்திருப்பை எந்தப் பாடநூலும் கற்றுத் தராது. குழந்தைகள் எதிரே நின்று, தவறி, அனுபவசாலி ஒருவர் திருத்தி, மறுநாள் மறுபடி நின்றுதான் அது வரும்.

இப்போது ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலை 12 அன்று நடந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்று குரல் எழுந்தது. அக்டோபரில் தேர்வு நேரத்தை மூன்று மணி நேரமாக்கி மறுதேர்வு வைத்தார்கள். நேரம் போதவில்லை என்பது உண்மை. ஆனால் அன்றைக்கு எழுப்ப வேண்டிய பெரிய கேள்வியை யாரும் எழுப்பவில்லை. எழுதியவர்கள் அரசு அங்கீகரித்த நிறுவனங்களில் படித்துப் பட்டமோ பட்டயமோ வாங்கியவர்கள்! அந்தச் சான்றிதழ்களைக் கொடுத்த கல்லூரிகளில் எத்தனை கல்லூரிகளை அரசு அழைத்து விசாரித்தது? தோற்றவன் பெயர் பட்டியலில் வந்தது. தோற்கவைத்த கல்லூரியின் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்கே பலருடைய வீட்டில் அடுப்பை அணைத்திருக்கிறது. தகுதித் தேர்வில் தேறாமல் பணியில் இருப்பவர்களில், ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டாண்டுக்குள் அதில் தேற வேண்டும் என்றது. இருபது ஆண்டுகளாக ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுத்த அம்மா, இன்று தன் மகளோடு சேர்ந்து உட்கார்ந்து கொள்குறி வினாக்களுக்குத் தயாராகிறார். தகுதி தேவையில்லை என்று நான் வாதாட மாட்டேன். என் பிள்ளைக்கும் தகுதியுள்ள ஆசிரியர்தான் வேண்டும். ஆனால், நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்குவதில் அந்த ஆறாம் வகுப்புப் பையன் முன்னால் காத்திருக்கத் தெரிந்தவர் யார் என்று தெரியுமா? ஆளை வாசலில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். ஆளை உருவாக்கும் இடத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

கல்லூரி நடத்துவோர் ஒரு நியாயம் சொல்வார்கள்: பள்ளிகள் எங்களை உள்ளே விடத் தயங்குகின்றன, வழிகாட்டி ஆசிரியருக்கு நேரமில்லை. அதில் உண்மை இருக்கிறது. ஏற்கெனவே இணையத்தில் புள்ளிவிவரம் ஏற்றியே களைத்துப்போன ஆசிரியர் மேல் இன்னொரு சுமையை இனாமாக ஏற்றினால் அவர் எப்படிச் சுமப்பார்? அதனால்தான் இதைக் கல்லூரிகளின் விருப்பத்துக்கு விட முடியாது என்கிறேன். அரசு கை வைக்க வேண்டும். பள்ளிகளை ஒதுக்க வேண்டும், வழிகாட்டி ஆசிரியரின் பாடவேளைகளைக் குறைக்க வேண்டும், அந்த வேலைக்கு ஊதியம் தர வேண்டும். பணம் எங்கே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஈராண்டுக் கட்டணம் வாங்கும் கல்லூரிகளிடமிருந்தே அதில் ஒரு பங்கை எடுங்கள்.

ஆகவே, இந்த மாநாட்டின் தீர்மானங்களோடு இவற்றையும் சேர்க்க முன்மொழிகிறேன். இணைப்புப் பள்ளி இல்லாத எந்தக் கல்வியியல் கல்லூரிக்கும் புதிய அங்கீகாரம் தரக் கூடாது; இருக்கும் கல்லூரிகளுக்கு மூன்றாண்டு அவகாசம். வழிகாட்டி ஆசிரியர் வகுப்பில் அமர்ந்து பார்த்துக் கையெழுத்திட்ட பாடவேளைகள்தான் பயிற்சிக் கணக்கில் சேர வேண்டும். அவர் 'இன்னும் தயாராகவில்லை' என்று எழுதினால் அந்த மாணவருக்குப் பயிற்சிக் காலத்தை நீட்டிக்க வேண்டுமே தவிர, பட்டம் தரக் கூடாது. தகுதித் தேர்வு முடிவுகளை இனிமேல் கல்லூரிவாரியாக வெளியிட வேண்டும். ஏற்கும் தோழர்கள் கை உயர்த்துங்கள்.