இரைப்பையைச் சுருக்கும் முன்

உடல் எடை குறைய ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்ற யோசனையில் இருக்கிறீர்களா? பரவலாகச் செய்யப்படும் ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையில் சுமார் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

இந்த ஆபரேஷனால் பலருக்குச் சர்க்கரை நோய் கட்டுக்குள் வருகிறது, மூட்டுவலி குறைகிறது. 2022-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியீடு 27.5-ஐத் தாண்டினாலே இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது.

ஆனால், ஆபரேஷன் முடிந்ததும் முதல் சில நாட்கள் நீராகாரம்தான். அப்புறமும் ஒரு இட்லியையே நிதானமாக மென்று சாப்பிட வேண்டும். வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுக்கத் தொடரும்.

ஊர் பேசுகிறதே என்றோ, கல்யாணத் தேதி நெருங்குகிறதே என்றோ முடிவெடுக்காதீர்கள். டாக்டரிடம் எல்லாச் சந்தேகங்களையும் கேளுங்கள்; வீட்டாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் ஆரோக்கியத்துக்காக நீங்களே முடிவெடுங்கள்.