சாயத் தொட்டியும் லேசர் கதிரும்

(ஆரணியில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பில் ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது என்று நடத்திக் கொண்டிருந்தேன். நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "சார், சாயத் தொட்டி கொதிக்கும்போது அதற்கு மேலாகப் பார்த்தால் எதிர்ச்சுவர் ஆடுகிறதே, அது ஏன்?" என்று கேட்டாள். "அது பாடத்தில் இல்லை, உட்காரம்மா" என்றேன். அன்று மூடிய கதவை இன்று உங்கள் முன்னால் திறக்க விரும்புகிறேன்.

ஒளி நேர்க்கோட்டில் செல்வது சீரான ஊடகத்தில்தான். காற்று சீரானதல்ல. வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறுகிறது. மிகச் சிறிய மாற்றம்தான். ஆனால் சூடான காற்றுத் திரளும் குளிர்ந்த காற்றுத் திரளும் ஆயிரக்கணக்கில் கலந்து சுழலும்போது, ஒவ்வொன்றும் ஒரு சிறு லென்ஸ் போல ஒளியைக் கொஞ்சம் வளைக்கிறது. சுவர் ஆடுவதும் விண்மீன் மின்னுவதும் இதனால்தான். நம் பக்கத்து ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அங்குள்ள வானியலாளர்களும் இரவுதோறும் இந்தக் காற்றோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

அதே காற்றின் வழியே லேசர் கதிரில் செய்தி அனுப்பினால் என்ன ஆகும்? கதிர் இலக்கை விட்டு விலகி அலையும். அதன் பொலிவு நொடிக்குப் பலமுறை கூடிக் குறையும். ஒரு நொடிக்குக் கோடிக்கணக்கான பிட்கள் செல்லும் இடத்தில், ஆயிரத்தில் ஒரு நொடி மங்கினாலும் பல்லாயிரம் பிட்கள் அடுத்தடுத்துத் தொலையும். பனிமூட்டம் வந்தால் இணைப்பே அறுந்துபோகும்.

ஆனாலும் இது நடக்கிறது. 1880இல் கிரகாம் பெல்லின் சோதனையில் சூரிய ஒளி வழியே குரல் 213 மீட்டர் தூரம் சென்றது. 2021 மார்ச்சில் இஸ்ரோ அகமதாபாத்தில் 300 மீட்டர் இடைவெளியில் குவாண்டம் தகவல் தொடர்பைச் செய்து காட்டியது. அதே ஆண்டு ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றின் குறுக்கே, தாரா என்ற திட்டத்தில், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரம் ஒளிக்கதிர் 20 நாளில் சுமார் 700 டெராபைட் தகவலைக் கடத்தியது. இணைப்பு 99.9 சதவீத நேரம் நிலைத்தது. கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு கேள்வி: 20 நாளில் 0.1 சதவீதம் எவ்வளவு? சுமார் 29 நிமிடம். கண்ணாடி இழை பதிப்பது கடினமான மலைக்கும் ஆற்றுக்கும் அப்பாலுள்ள பள்ளிகளுக்கு இணையம் சேர, இதுவும் ஒரு வழி.

எப்படிச் சமாளிக்கிறார்கள்? கதிரைத் தொடர்ந்து பின்பற்றிக் குறியைத் திருத்துகிறார்கள். வாங்கும் லென்ஸைப் பெரிதாக்குகிறார்கள். ஓரிடத்தில் மங்கியதும் மற்றோரிடத்தில் பிரகாசித்ததும் சேர்ந்து சராசரியாகிவிடும். கோள்கள் விண்மீன்களைப் போல மின்னாததும் ஏறக்குறைய இதே சராசரியால்தான். மூன்றாவது வழி, செய்தியைக் கலைத்துப் போட்டு அனுப்புவது. இதை வகுப்பில் செய்யக் கரும்பலகை போதும்.

நான்கு சொற்களை வரிசைக்கு ஒன்றாகக் கட்டங்களில் எழுதச் சொல்லுங்கள்: வானவில், கைத்தறி, மாணவர், திருவிழா. ஒவ்வொன்றிலும் நான்கு எழுத்து. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் "ஊடையாக எழுதி, பாவாக வாசி" என்றால் போதும். மேலிருந்து கீழாக வாசித்து அனுப்பட்டும். நடுவில் காற்று அடித்து, ஐந்தாவது முதல் எட்டாவது வரையுள்ள நான்கு எழுத்துகள் அழிந்தன என்று வைத்துக்கொள்வோம். நேராக அனுப்பியிருந்தால் 'கைத்தறி' முழுவதும் போயிருக்கும். இப்போதோ 'வா_வில்', 'கை_தறி', 'மா_வர்', 'தி_விழா'. ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்துதான் போனது. பிள்ளைகள் நிரப்பிவிடுவார்கள். கணினி அந்த வேலையைப் பிழைதிருத்தும் குறியீட்டால் செய்கிறது.

ஓர் எச்சரிக்கை: லேசர் விளக்கைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். நீங்களே பிடித்து, சூடான அடுப்புக்கு மேலாக எதிர்ச்சுவரில் ஒளிப்புள்ளி விழச் செய்யுங்கள். புள்ளி நடுங்குவதை எல்லோரும் பார்ப்பார்கள். கதிர் யார் கண்ணிலும் படக்கூடாது.

அந்தப் பெண் இப்போது எங்கே படிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் கேட்ட கேள்வியில் வானியலும் தகவல் தொடர்பும் சேர்ந்தே இருந்தன. நாளை உங்கள் வகுப்பில் பாடத்தில் இல்லாத கேள்வி ஒன்று எழுந்தால், "உட்கார்" என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள்.