படியேறி இறங்கும் பட்டதாரி



2019ஆம் ஆண்டின் இறுதியில் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு ஆள் தேடியது. ஏறத்தாழ 7,000 பேர் திரண்டனர். அவருள் பொறியியல் கற்றோரும் இருந்தனர். ஆலையும் எக்கித் தொழிலும் வார்ப்படமும் மலிந்த கொங்கு மண்ணில் இந்நிலை!

25 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் தனியார் நிறுவனங்கள் பணி வெற்றிடங்களை வேலைவாய்ப்பகத்துக்கு அறிவிக்க வேண்டுமென 1959ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அங்குப் பதிந்தோரையே அமர்த்த வேண்டுமென விதிக்கவில்லை. அவ்விடைவெளி தரகர்க்கு வாய்த்தது. காந்திபுரத்து மாடியேறிப் பதிவுக் கட்டணம் செலுத்திய இளைஞன், ‘அழைப்போம்’ என்னும் ஒற்றைச் சொல்லோடு இறங்குகிறான். அழைப்பு வந்தாலோ, நேர்காணல் ஆங்கிலத்தில்! கடைசற்பொறியைக் கண்ணைக் கட்டிக்கொண்டும் இயக்கவல்லான் அயன்மொழியில் தடுமாறித் தோற்கிறான். கைத்திறனை அளக்கவேண்டிய இடத்தில் நாவையன்றோ அளக்கின்றனர்!

தரகர் கூலியை ஆள் தேடும் நிறுவனமே தரட்டும். நேர்காணல் தமிழில் நடக்கட்டும். அதுவரை, கட்டணம் கேட்பவரிடம் பற்றுச்சீட்டையேனும் கேளுங்கள்.