சாப்பிடப் போனீர்களா? சந்திக்கப் போனீர்களா?

 

தொழிலில் ஒருவனை உயர்த்துவது திறமையா, தொடர்பா? தொடர்பே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னாலே பேசிய தங்கச்சி, "திறமை இருந்தா வாய்ப்பு வீடு தேடி வரும்"னு அழகாச் சொன்னாங்க. வரும்மா, வரும். ஆனா அதுக்கு வீட்டு விலாசம் தெரியணுமே! (சிரிப்பு)

அடுத்து வந்த ஐயா, "தொடர்புன்னா காக்கா பிடிக்கிறது"ன்னு ஒரே போடாப் போட்டாரு. நடுவர் அவர்களே, 1905 பிப்ரவரி 23. சிகாகோ நகரம். பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல்காரர், நாலு பேர் கூடினாங்க. அப்புறம் ஆளுக்கொரு முறையா அவரவர் தொழில் இடத்திலே சுற்றிச் சுற்றிக் கூடினாங்க. அப்படிச் சுற்றினதாலே வந்த பேருதான் ரோட்டரி. இதிலே யார் யாருக்குக் காக்கா பிடிச்சா? நாலு பேருக்கும் நாலு தொழில். அதுதான் சூட்சுமம்.

அந்தச் சூட்சுமம் தெரியாமப் போனா என்ன ஆகும்? என்னிடம் படித்த மாணவன் ஒருவன், அப்பாவோட மரப்பட்டறையை எடுத்து நடத்துறான். அவன் இழைச்ச கதவைத் தடவினா கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனா வேலை அந்த நாலு தெருவைத் தாண்டலை. ஊரிலே தொழில் முனைவோர் சந்திப்புன்னு ஒரு கூட்டம். கட்டணம் 500 ரூபாய். வீட்டிலே பெரிய சண்டை. "இதுலே பத்து நாள் பால் வாங்கலாம்"னு அவன் மனைவி. அந்தப் பொண்ணு கேட்டதிலே ஒரு தப்பும் இல்லை.

போனான். வாசல்லேர்ந்து ஆரம்பிச்சு, கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி நூறு விசிட்டிங் கார்டு கொடுத்தான். பந்தியிலே பார்த்தா, பக்கத்துத் தெரு மரக்கடைக்காரர் மூணு பேர்! அவங்களோடவே உட்கார்ந்து சாப்பிட்டு, பேசி, திரும்பிட்டான். ஒரு போன் வரலை. எதிரணிக்கு இது போதும், கொடி பிடிச்சிருவாங்க. நான் கேட்கிறேன்: அவன் சந்திக்கப் போனானா, சாப்பிடப் போனானா?

1973இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களைத் தேடிப் பிடித்து, "தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். ‘அடிக்கடி’ என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். மற்றவர்கள் எல்லாம் ‘எப்போதாவது’, ‘அரிதாக’! ஏன்? நம்ம சிநேகிதனுக்குத் தெரிஞ்சது நமக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரே டீக்கடை. அறிமுகம் மட்டுமே உள்ளவன் வேறே டீக்கடை. அங்கே வேறே சேதி.

திருக்குறளிலே அவையறிதல் 72ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73. வரிசையைப் பாருங்க. கூச்சம் போகணும்னு நாம முதல்லே நினைக்கிறோம். யார் யார் வந்திருக்காங்கன்னு அறியறதை அல்லவா முன்னாலே வச்சிருக்கு! அறிஞ்சா அச்சம் பாதி போயிடும்.

அடுத்த கூட்டத்துக்குப் பையன் அரைமணி முன்னாடியே போனான். ஓரமாத் தனியா நின்ன ஒருத்தர்கிட்டே போய், தன் தொழிலைச் சொல்லலை. அவர் தொழிலைக் கேட்டான். கல்யாண மண்டபம் வச்சிருக்காரு. மழைக்காலத்திலே கதவு உப்பி மூட மாட்டேங்குதாம். இவன், "புதுக் கதவு வேண்டாங்க. வெயில்லே நல்லா காய்ஞ்சதும் அடிவிளிம்பை லேசா இழைச்சு, அங்கேயும் பெயிண்ட் அடிங்க. அடியிலே அடிக்காம விட்டா அது வழியா ஈரம் ஏறும்"னான். வியாபாரி பேசுற பேச்சா இது? கார்டு பின்னாலே ‘மண்டபம் – மழைக் கதவு’ன்னு குறிச்சுக்கிட்டான். மூணாம் நாள் போன் பண்ணி, "கதவு பார்த்தாச்சுங்களா?"ன்னு மட்டும் கேட்டான். ஆர்டர் கேட்கலை. நாலு மாசம் கழிச்சு அந்த மண்டபக்காரரோட சம்பந்தி லாட்ஜ் கட்டினாரு. 22 கதவு!

கதவு நல்லா இருந்ததாலேதானே கொடுத்தாரு, அது திறமைதானேன்னு கேட்பீங்க. ஒத்துக்கிறேன். ஆனா அந்தக் கதவு அத்தனை வருஷமா நல்லாத்தான் இருந்துச்சு!

நடுவர் மணி மேலே கை வச்சுட்டாரு. ஒன்றே ஒன்று. இந்த நிகழ்ச்சி முடிஞ்சதும் எதிரணி நண்பர்கள் மேடையை விட்டு இறங்கி முதல்லே யாரைத் தேடிப் போறாங்கன்னு பாருங்க. அடுத்த பட்டிமன்றத்துக்குத் தேதி கொடுக்கிற அமைப்பாளரைத்தான்! (பலத்த கைதட்டல்)