பழைய குழியை மூடினோமா?

 

இன்று எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கேளுங்கள்.

எங்கள் ஊர் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம். கேரளம் என்றால் எங்கும் மழை என்று வெளியூரார் நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் மழை குறைவு. பேசுவது தமிழ். குடிப்பது போர் தண்ணீர்.

எங்கள் வீட்டுப் பழைய போர் 280 அடி. அப்பா போட்டது. போன கோடையில் மோட்டார் ஓடியது. காற்றுதான் வந்தது. மோட்டாரை இன்னும் கீழே இறக்கினோம். இரண்டு குடம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அம்மா தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தார். வேறு போர் போட அண்ணன் கடன் வாங்கினார்.

எங்கே போடுவது? அம்மா தேங்காய் வைத்துப் பார்ப்பவரை அழைத்தார். நிலத்தடி நீர்த் துறையில் இருந்தும் ஒருவர் கருவியோடு வந்தார். இருவரும் காட்டிய இடம் வேறு வேறு. கருவி காட்டிய இடத்தில் போட்டோம். அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்!

ராத்திரி வண்டி வந்தது. திருச்செங்கோட்டு வண்டி. அந்த ஊர் வண்டிகள் இந்தியா முழுவதும் போய் போர் போடுகின்றன. முதலில் செம்மண் வந்தது. பிறகு உதிரும் பாறை. 50 அடியில் கெட்டிப் பாறை. அதுவரை கேசிங் பைப் இறக்கினார்கள். மேல் மண் சரியாமல் காப்பது அந்தப் பைப்தான். கெட்டிப் பாறைக்குள் பைப் வேண்டாம். பாறை தானாக நிற்கும். பாறையில் வெடிப்பு இருந்தால் அதன் வழியே தண்ணீர் வரும். வெடிப்பு இல்லையென்றால் வெறும் புழுதிதான்.

300 அடி போனது. புழுதி. அதற்கு மேல் அடிக்குக் கூலி கூடும். அண்ணன் பேசவே இல்லை. 410 அடியில் புழுதி நின்றது. சேறு தெறித்தது. அம்மா அந்தச் சேற்றைக் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். 460 அடியில் நிறுத்தினோம்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு தவறு செய்தோம். பழைய போரின் கேசிங் பைப்பைச் சங்கிலி போட்டு உருவி எடுத்தோம். விற்றால் கடனில் கொஞ்சம் குறையுமே! குழியின் மேல் சாக்கைப் போட்டோம். ஒரு கல்லை வைத்தோம்.

பைப் இருந்தால் குழியின் வாய் சிறியது. பைப்பை எடுத்தால் வாய் பெரியது. மண்ணும் சரியும். எங்களுக்கு இது தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை. அக்கா மகளைக் காணோம். மூன்று வயதுக் குழந்தை. பின்பக்கம் ஓடினேன். சாக்கு ஒதுங்கிக் கிடந்தது. குழந்தை குப்புறப் படுத்திருந்தாள். முகம் குழியின் மேல் இருந்தது. கையில் புளியங்கொட்டை. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சித்தி, சத்தம் கேக்குது" என்றாள்.

நான் கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டு நகர்வாள். மெதுவாகப் போய்க் காலைப் பிடித்து இழுத்தேன். பிறகுதான் அழுதேன்.

2006-ல் அரியானாவில் ஐந்து வயதுப் பையன் இப்படிக் குழியில் விழுந்தான். சுமார் 50 மணி நேரம் கழித்து உயிரோடு எடுத்தார்கள். 2019-ல் மணப்பாறைக்குப் பக்கத்தில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நான்கு நாள் போராடினார்கள். உயிரோடு கிடைக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் 2010-லேயே விதிகள் சொல்லியிருக்கிறது. போர் போடுவதற்குக் குறைந்தது 15 நாள் முன்பே அதிகாரிகளுக்கு எழுதித் தர வேண்டும். வேலை நடக்கும்போது சுற்றிலும் வேலி வேண்டும். கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். களிமண், மணல், கல், போர் மண் எதுவும் போடலாம். சாக்கு என்று அதில் இல்லை.

பஞ்சாயத்தில் கொடுத்த தாளிலும் பழைய குழியை மூடச் சொல்லி ஒரு வரி இருந்தது. நான் பத்தாவது வரை படித்தவள். அந்தத் தாளைக் கடைசி வரை படிக்காமல் அண்ணனிடம் கையெழுத்து வாங்கினேன். இதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அன்றே வேலையைத் தொடங்கினோம். புதுப் போரிலிருந்து வந்த பாறைத்தூள் முற்றத்தில் காய்ந்து கிடந்தது. அதையும் சிறு கல்லையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். ஒரேயடியாகக் கொட்டினால் நடுவில் அடைத்துக்கொள்ளும். கீழே வெற்றிடம் நிற்கும். பிறகு ஒருநாள் உள்வாங்கும். நான்கு நாள் ஆனது. மேலே களிமண் போட்டு இடித்தோம். அழுக்குத் தண்ணீர் அதன் வழியே இறங்காது.

மழைக்குப் பிறகு அரையடி இறங்கியது. மறுபடி நிரப்பினோம்.

புதுப் போருக்கு இரும்பு மூடி போட்டு, போல்ட் முடுக்கினோம். சுற்றிலும் சிமெண்ட் மேடை கட்டினோம். பைப் விற்ற பணம் சிமெண்டுக்கே போய்விட்டது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். யார் வீட்டில் பழைய போர் இருக்கிறது? தோட்டத்தில் இருந்தாலும் சொல்லுங்கள். பெயரை நோட்டில் எழுதுங்கள். நாளை வகுப்புக்கு முன்னால் போய்ப் பார்ப்போம். மண்வெட்டி நான் கொண்டுவருகிறேன்.