எடுத்ததும் இட்டதும்



எள்ளின் நெய்தான் எண்ணெய் ஆயிற்று என்று பள்ளியில் தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்தது உங்களுக்கும் நினைவிருக்கும். பின்னர் தேங்காயிலிருந்தும் கடலையிலிருந்தும் ஆட்டி எடுத்ததற்கும் அப்பெயரே நிலைத்தது. மோட்டார் வண்டியின் எஞ்சினுக்குள் ஊற்றுவதையும் இன்று அவ்வாறே அழைக்கிறோம். மத்திய சர்க்காரில் மொழிபெயர்ப்பாளனாகிய நான், 'மசகு எண்ணெய்' என்று காகிதத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆயினும் அது செய்யும் வேலையை, என் கையாலேயே அதனை மாற்ற முற்பட்ட ஒரு மாலைப் பொழுதில்தான் உள்ளபடி அறிந்துகொண்டேன். அன்று நான் செய்த ஒரு பிழையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு விடுமுறை என்றால் ஊர்ப் பிரயாணந்தான். ரயிலில் இடம் கிடைக்காத ஓர் ஆண்டில், வயது முதிர்ந்த என் தாயாரை அழைத்துக்கொண்டு தில்லியிலிருந்து மதுரைக்கு எங்கள் டீசல் காரிலேயே செல்வதென்று தீர்மானித்தேன். ஆக்ரா, குவாலியர், நாகபுரி, ஹைதராபாத், பெங்களூர், சேலம் என்று 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியாக 2,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். புறப்படுமுன் எஞ்சின் ஆயிலை மாற்றியாக வேண்டும். முந்திய முறை ஒரு பட்டறையில் அவசரமாய் முடுக்கியதில், எஞ்சினின் அடியிலுள்ள வடிகால் திருகின் மரை தேய்ந்துபோயிருந்தது. எங்கள் குடியிருப்பிலோ வண்டியின் அடியில் இறங்கி வேலை செய்யப் பள்ளம் இல்லை. ஆகவே, மேலிருந்தே எண்ணெயை இழுத்தெடுக்கும் உறிஞ்சு பம்பு ஒன்றை வாங்கினேன்.

டீசல் எஞ்சினின் எண்ணெய் வெகு சீக்கிரத்தில் கறுத்துவிடும். அதனைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. டீசல் எரியும்போது உண்டாகும் கரித்தூளை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னுள் ஏந்தி வைத்துக்கொள்வது எண்ணெயின் கடமைகளுள் ஒன்று. உராய்வைக் குறைப்பதும் வெப்பத்தை அகற்றுவதும் பிற கடமைகள். நாளடைவில் அழுக்கை ஏந்தும் சக்தி தீர்ந்துவிடுகிறது. எனவே நிறத்தைப் பாராமல், கையேட்டில் சொன்ன கிலோமீட்டரையும் மாதக் கணக்கையும் பார்த்து மாற்றுவதே முறை.

செய்முறை எளிது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைக்கவேண்டும். எண்ணெய் இளகி ஓடும் அளவு சூடாக இருந்தால் போதும். கையைச் சுடுமளவு கொதிப்பு ஆகாது. இன்னும் பத்து நிமிஷம் பொறுத்தால் மேலே ஒட்டியிருப்பது அடித்தட்டில் இறங்கிவிடும். பிறகு எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிவிட்டு, அந்தத் துவாரத்தின் வழியே பம்பின் மெல்லிய குழாயை அடி தட்டும் வரை செலுத்த வேண்டும். கைப்பிடியைச் சில தடவை இழுத்து அடித்தால் பாத்திரத்தினுள் காற்று குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் எண்ணெயைத் தானே மேலே தள்ளிவிடுகிறது. பழைய வடிகட்டியையும் அகற்றி, புதியதன் ரப்பர் வளையத்தில் சிறிது எண்ணெய் தடவிப் பொருத்த வேண்டும்.

இவையெல்லாம் நான் ஒழுங்காகவே செய்தேன். குழாயில் காற்றுக் குமிழி சப்தம் கேட்டதும் வேலை முடிந்தது என்று எண்ணினேன். வடிகட்டியுடன் சேர்த்து நாலரை லிட்டர் என்று கையேடு கூறியது; நாலரை லிட்டரையும் ஊற்றி மூடினேன். சாவியுடன் வண்டியில் ஏறப்போகும் சமயத்தில், மேல்மாடியில் குடியிருக்கும் அண்ணாச்சி இறங்கி வந்தார். திருநெல்வேலிக்காரர், ராணுவப் பட்டறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

"தம்பி, வெளியே வந்தது எவ்வளவு?" என்று கேட்டார்.

"எல்லாம் வந்துவிட்டது, அண்ணாச்சி."

"எல்லாம் என்பது ஓர் அளவா? பாத்திரத்தில் மூன்று லிட்டர் கோட்டில்தான் நிற்கிறது. வடிகட்டியோடு கால் லிட்டர் போயிருக்கும். உள்ளே நாலரை விட்டிருக்கிறீர்கள். மிச்சத்துக்குக் கணக்கு எங்கே?"

அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தோம். மேல் கோட்டையும் தாண்டி வெகு உயரத்தில் எண்ணெய் நின்றது. குழாய் அடிவரை செல்லாமல் நடுவில் வளைந்து நின்றிருக்கிறது; பழைய எண்ணெயில் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளேயே தங்கிவிட்டது.

சாவியைத் திருப்பியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அளவுக்கு மிஞ்சிய எண்ணெயைச் சுழலும் கிராங்குத் தண்டு அடித்துக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு உராய்வைத் தடுக்கும் வலிமை இல்லை. அதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. எண்ணெய்ப் புகை, காற்றுப்போக்கிக் குழாய் வழியாக எஞ்சின் உறிஞ்சும் காற்றோடு கலக்கக்கூடும். பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினால் அது நின்றுவிடும். ஆனால் ருடால்ப் டீசல் 1897-இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினின் தத்துவமே வேறு. இறுக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். அங்கே மசகு எண்ணெயும் எரிபொருள்தான். சாவியைத் திருப்பினால் டீசல் வருவது நிற்குமே தவிர, இந்த எண்ணெய் வருவது நிற்காது. எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்துத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளக்கூடும். மிகையாக ஊற்றிய ஒவ்வொரு வண்டிக்கும் இது நேர்வதில்லை. ஆயினும், தாயாரை அமர்த்திக்கொண்டு நெடுவழியில் செல்ல இருந்தவன் அதைச் சோதித்துப் பார்க்கலாமா?

அன்றிரவு குழாயைச் சரியாகச் செலுத்தி, பழையதும் புதியதும் கலந்த எண்ணெய் முழுவதையும் மறுபடி இழுத்து, மீண்டும் கடைக்குச் சென்று வாங்கி வந்தேன். இம்முறை முக்கால் பங்கு ஊற்றிப் பொறுத்திருந்து கம்பியைப் பார்த்தேன். பின்னர் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். இரண்டு நிமிஷம் ஓட்டி, எச்சரிக்கை விளக்கு அணைந்ததையும் கசிவு இல்லாததையும் கண்டு, நிறுத்திவிட்டுத் திரும்பவும் அளந்தேன்.

இன்னும் இரண்டு குறிப்புகள். முதலாவது, எல்லா வண்டிக்கும் இம்முறை பொருந்தாது. அளவுக் கம்பியே இல்லாத வண்டிகள் உள்ளன. சிலவற்றில் அத்துவாரம் அடிமட்டம் வரை வழிவிடாது. பொருந்துகிற வண்டியிலும், அடியில் தங்கும் கசடு வெளியேற, இரண்டு மூன்று முறைக்கு ஒருமுறை வடிகால் திருகைத் திறப்பது நல்லது. இரண்டாவது, 2020 ஏப்ரல் முதல் தேசம் முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் அமலில் உள்ளன. அவற்றின்படி வெளிவந்த டீசல் கார்களில் புகைத்தூளைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால், சாம்பல் குறைந்த எண்ணெயையே ஊற்றவேண்டும். கையேட்டில் குறித்த தரம் எதுவோ அதுவே வேண்டும்.

கணக்கு இத்துடன் முடிவதில்லை. எடுத்த எண்ணெய் எங்கே போயிற்று? மரச்சட்டத்தில் கரையானுக்குப் பூசுவோரும், கொசுவுக்கென்று தேங்கிய நீரில் ஊற்றுவோரும், இருட்டிய பின் சாக்கடையில் கவிழ்ப்போரும் உண்டு. தில்லியின் சாக்கடைகள் பல யமுனையில்தான் சேருகின்றன. பழைய எண்ணெயை அபாயகரமான கழிவு என்றே 2016-ஆம் ஆண்டின் விதிகள் வகைப்படுத்துகின்றன. அதனை மீண்டும் சுத்திகரித்து நல்ல எண்ணெயாக்க முடியும்; உற்பத்தியாளர்களுக்கும் அதில் பொறுப்பு உண்டென்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் தண்ணீரோ, பிரேக் திரவமோ கலந்துவிட்டால் சுத்திகரிப்பது கடினம். ஆகவே புதிய எண்ணெய் வந்த டப்பாவிலேயே ஊற்றி இறுக மூடி, பழைய எண்ணெயை முறைப்படி சேகரித்து அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள். கையில் பட்டதைச் சோப்பினால் கழுவிவிடுங்கள்.

என் வண்டியின் பெட்டியில் இப்போது ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. தேதி, ஓடிய கிலோமீட்டர், எடுத்தது, இட்டது, பழையதைக் கொடுத்த இடம் என்று அதில் ஐந்து பத்திகள். நாலாம் நாள் மாலை மதுரை வந்து சேர்ந்ததும் தாயார் இறங்கி, "வண்டி சப்தமே இல்லாமல் வந்ததே" என்றார். அண்ணாச்சியின் கேள்வியை நினைத்துக்கொண்டேன். நீங்களும் சாவியைத் திருப்புமுன் அக்கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.